எந்நாட்டில் மணம்?

 

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். அந்தப் பயிரை எந்த நிலத்தில் நடுவது என்னும் வினா பெரும்பாலான குடும்பங்களில் எழுவதில்லை. பெண் வீட்டிலா, பிள்ளை வீட்டிலா, கோயிலிலா, மண்டபத்திலா என்று இரண்டு நாள் பேசினால் முடிந்துவிடும். ஆனால், மணக்க விரும்பும் இருவருள் ஒருவர் சீனர், மற்றவர் அமெரிக்கர் என்றால் நிலைமை வேறு. இருவர் இல்லங்களுக்கும் இடையே பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. இரு நாடுகளின் சட்டங்களும், இரு மொழிகளும், இரு வகைச் சடங்குகளும் இடையே நிற்கின்றன. அவர்கள் எங்கே மணந்துகொள்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

கேட்பதற்கு இஃது எளிய வினாவாகத் தோன்றலாம். ஆராய்ந்து பார்த்தால் ஒரு வினாவுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியிருப்பது புலனாகும். எந்த நாட்டுச் சட்டத்தின்படி மணம் செல்லும்? மணந்தபின் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு எந்த வழி திறந்திருக்கிறது? யாருடைய பெற்றோர் கண்குளிரக் காண அம்மணம் நடைபெறும்? இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதனாலேயே பல இளைஞர்கள் அல்லலுறுகின்றனர். ஆதலின் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். அதற்குமுன் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது நலம்.

எங்கே மணப்பது என்பது இன்று விருப்பத்தைப் பொறுத்தது. ஒரு காலத்தில் அஃது அவ்வாறு இல்லை. அமெரிக்க நாடு 1882ஆம் ஆண்டில் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1880இல், வெள்ளையருக்கும் சீனர் முதலானோருக்கும் இடையே மணம் செய்ய அனுமதிச் சீட்டு வழங்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் விதித்திருந்தது. அம்மாநிலத்தில் அன்புகொண்ட இருவர் அங்கேயே மணக்க இயலாது. தடையில்லாத வேறு மாநிலத்தையோ வேறு நாட்டையோ நாடிச் செல்லவேண்டும்.

டை லியுங் என்ற பெண்மணியின் வரலாறு இதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோவில் சீனக் குடும்பத்தில் பிறந்த அவர், அந்நகர்க்கு அருகிலுள்ள ஏஞ்சல் தீவில் குடிவரவு நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1912இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான முதற்கட்ட வாக்கெடுப்பில் வாக்களித்தவர். அவ்வாறு வாக்களித்த முதற் சீனப் பெண்மணி என்று போற்றப்படுபவர். அதே நிலையத்தில் ஆய்வாளராயிருந்த சார்லஸ் ஷுல்சே என்ற வெள்ளையரை அவர் விரும்பினார். கலிபோர்னியாவில் மணக்க முடியாது. எனவே இருவரும் வடக்கே வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வான்கூவர் என்ற ஊருக்குச் சென்று 1913இல் மணந்துகொண்டனர். திரும்பி வந்தபோது மணம் நிலைத்தது. ஆனால் இருவருடைய அரசாங்க வேலையும் போயிற்று.

மற்றுமோர் எடுத்துக்காட்டு. திரைப்பட ஒளிப்பதிவில் பெரும்புகழ் பெற்று இருமுறை ஆஸ்கர் பரிசு வென்ற ஜேம்ஸ் வாங் ஹௌ சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில் பிறந்தவர். அவர் சனோரா பாப் என்ற அமெரிக்க எழுத்தாளரை 1937இல் மணந்தார். எங்கே? கலிபோர்னியாவில் அன்று, கடல் கடந்து பாரிஸ் மாநகரில். ஊர் திரும்பியபின் அந்த மணத்தைக் கலிபோர்னியா ஏற்கவில்லை. 1948இல் அம்மாநில உயர்மன்றம் அந்தத் தடைச் சட்டத்தைச் செல்லாததாக்கிய பின்னரே அவர்கள் சட்டத்தின் கண்ணிலும் கணவன் மனைவி ஆயினர். பதினோராண்டுகள் காத்திருந்தனர். பிற மாநிலங்களில் எஞ்சியிருந்த இத்தகைய சட்டங்கள் அனைத்தும் 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பினால் ஒழிந்தன.

பெண்களுக்கு இதனினும் கொடிய இடர் ஒன்று இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1922இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் சீனரைப் போல அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டோரை மணந்த பெண்ணுக்கு அந்தத் தளர்வு இல்லை. 1931இல்தான் அவ்விதியும் நீங்கிற்று. 1882ஆம் ஆண்டின் தடைச்சட்டம் 1943இல் நீக்கப்பட்டது. எனினும் சீனர்க்கென்று ஆண்டுக்கு 105 பேர் என்ற அளவே வகுக்கப்பட்டது. அமெரிக்கக் குடிமக்களின் சீன மனைவியரை இந்த அளவிலிருந்து விலக்கியது 1946ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு இரு நாடுகளுக்கும் இடையே உறவே அறுந்திருந்த காலமும் வந்தது. 1979 சனவரி முதல் நாளன்று தூதரக உறவு மீண்டும் ஏற்பட்ட பிறகே இன்றைய மணங்களுக்குப் பாதை ஒழுங்காயிற்று. இன்று இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எவ்வளவு விலைகொடுத்துப் பெறப்பட்டது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி முதல் வினாவாகிய சட்டத்துக்கு வருவோம். சீனாவில் மணம் என்பது பதிவு. விருந்து எத்துணைச் சிறப்பாக நடந்தாலும், பதிவு செய்யாதவரைச் சட்டத்தின் முன் மணம் இல்லை. இருவரும் குடியியல் துறையின் பதிவகத்துக்கு நேரில் செல்லவேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் செல்ல இயலாது. அயல்நாட்டவரோடு செய்யும் மணத்தை எல்லாப் பதிவகங்களும் ஏற்பதில்லை; அதற்கென அதிகாரம் பெற்ற பதிவகத்தையே நாடவேண்டும். ஆணுக்கு 22 வயதும் பெண்ணுக்கு 20 வயதும் நிறைந்திருக்கவேண்டும். ஆகவே தன் நாட்டில் மணக்கத் தகுதியுடைய 21 வயது அமெரிக்க இளைஞன் சீனாவில் இன்னும் ஓராண்டு பொறுக்கவேண்டியவனாகிறான். அமெரிக்கர் தம் கடவுச்சீட்டோடு, தமக்கு வேறு துணைவர் இல்லை என்பதற்கான உறுதிச் சான்றும் காட்டவேண்டும். பதிவு முடிந்ததும் ஆளுக்கு ஒன்றாகச் சிவப்பு அட்டையிட்ட இரு சிறு புத்தகங்கள் தரப்படும். 2017 முதல் இதற்குக் கட்டணமும் இல்லை.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே மணச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றன்று. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மணமக்கள் உரிய அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்று, சமய குருவோ நீதிபதியோ பிற அதிகாரம் பெற்றவரோ முன்னின்று நடத்த மணந்து, பின்னர் அச்சீட்டைப் பதிவுக்குத் திருப்பி அனுப்புவர். நியூயார்க் மாநிலத்தில் சீட்டுப் பெற்று 24 மணிநேரம் கழிந்த பின்பே மணக்கலாம்; அச்சீட்டு 60 நாள்களுக்குச் செல்லும். நெவாடா மாநிலத்திலோ காத்திருக்கவேண்டியதே இல்லை. மணமக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இனி ஒரு முக்கியமான செய்தி. ஓரிடத்தில் அவ்விடத்துச் சட்டப்படி முறையாக நடந்த மணத்தைப் பொதுவாக மற்ற நாடும் ஏற்கிறது. சீனாவின் சிவப்புப் புத்தகத்தை அமெரிக்கா மதிக்கும். அமெரிக்கச் சான்றிதழைச் சீனா மதிக்கும். இருமுறை பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஆவணம் உண்மையானது என்பதற்கு முத்திரை வேண்டும். முன்பு இதற்காக ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகம், அங்கிருந்து தூதரகம் என்று அலையவேண்டியிருந்தது. அப்போஸ்டில் எனப்படும் ஒரே சான்று முத்திரையை நாடுகள் தமக்குள் ஏற்கும் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் சீனாவிலும் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் அந்த அலைச்சல் பெரிதும் குறைந்துள்ளது. மணத்தால் ஒருவரது குடியுரிமை தானே மாறிவிடுவதில்லை என்பதையும், இரட்டைக் குடியுரிமையைச் சீனா ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வினா, சேர்ந்து வாழும் வழி பற்றியது. மணம் செல்லும் என்பது ஒன்று. குடியேறும் உரிமை கிடைக்கும் என்பது மற்றொன்று. மணச் சான்றிதழ் நுழைவுச் சீட்டு ஆகாது. இதை உணராதவர்கள் பலர். விளக்கத்துக்காக ஓர் இணையரைக் கற்பனை செய்துகொள்வோம். பெண் செங்டு நகரத்தவள். இளைஞன் ஓஹையோ மாநிலத்தவன். அமெரிக்காவில் வாழ விரும்புகின்றனர் என்று கொள்வோம். அவர்கள் முன் இரு பாதைகள் உள்ளன.

முதற் பாதையில், மணம் அமெரிக்காவில் நடக்கும். மணக்கப்போகிறவருக்கென்றே ஒரு விசா உண்டு. கே-1 என்பது அதன் பெயர். இதற்கு இளைஞன் விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஈராண்டுக்குள் இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்திருத்தல் பொது விதி. விசா பெற்று அமெரிக்காவில் கால்வைத்த 90 நாள்களுக்குள் பெண் அந்த இளைஞனையே மணக்கவேண்டும். இல்லையேல் நாடு திரும்பவேண்டும். மணந்தபின் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும். அது முடியும்வரை, தனி இசைவு வாங்காமல் வேலைக்குச் செல்வதோ, ஊர் சென்று திரும்புவதோ இயலாது. தாயாருக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தாலும் உடனே விமானம் ஏற முடியாத நிலை அது.

இரண்டாம் பாதையில், முதலில் மணம், பிறகு விசா. சீனாவிலோ வேறெங்கோ மணந்து, மனைவி என்ற உறவின்மேல் விண்ணப்பம் செய்வர். காத்திருக்கும் மாதங்களில் இருவரும் பெரும்பாலும் பிரிந்திருக்க நேரும். ஆனால் விசாவோடு அமெரிக்காவில் நுழையும்போதே பெண் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றுவிடுகிறாள். மறுநாளே வேலை தேடலாம். மணமாகி ஈராண்டு நிறையுமுன் நுழைந்தால் அவ்வுரிமை ஈராண்டு நிபந்தனைக்கு உட்பட்டிருக்கும். பின்னர் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ளவேண்டும். எந்தப் பாதையாயினும், சீனப் பெருநிலத்தில் இவ்வகை விசாக்களுக்கான நேர்காணல் குவாங்சோ நகரிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில்தான் நடைபெறுகிறது. செங்டுவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

இவற்றிடையே இரண்டு குழிகள் உள்ளன. சுற்றுலா விசாவில் அமெரிக்கா சென்று மணந்து, குறித்த நாளில் தாயகம் திரும்புவது குற்றமன்று. ஆனால் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் சொல்லி நுழைவது பொய்யுரை. அது மெய்ப்பிக்கப்பட்டால் பின்னாளில் அந்நாட்டு வாயிலே அடைபடக்கூடும். மற்றொன்று, கே-1 விசா மணமாகாதவர்க்கே உரியது. அதற்கு விண்ணப்பித்துவிட்டு, சீனாவில் பெரும் மணவிருந்து நடத்திப் படங்களை ஊரெங்கும் காட்டினால், இவர்கள் முன்பே மணந்தவர்களோ என்ற ஐயம் அதிகாரிக்கு எழ இடமுண்டு. ஆதலின் இப்பாதையில் செல்வோர் நிச்சயதார்த்த விருந்தோடு நின்று, மணவிழாவைப் பின்னுக்கு வைப்பதே அறிவுடைமை.

இருவரும் சீனாவில் வாழ முடிவு செய்தால் பாதை எதிர்த்திசையில் செல்லும். அமெரிக்கத் துணைவர் குடும்ப விசாவில் வந்து தங்கும் அனுமதி பெறலாம். ஆயின் அவ்வனுமதியே வேலை செய்யும் உரிமை ஆகாது. நிரந்தரமாகக் குடியிருக்க விரும்பினால், மணமாகி ஐந்தாண்டுகள் ஆகியிருக்கவேண்டும்; தொடர்ந்து ஐந்தாண்டுகள், ஆண்டுக்கு ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல், அந்நாட்டில் வாழ்ந்திருக்கவும் வேண்டும்.

மூன்றாம் இடம் ஒன்றும் உண்டு. ஹாங்காங்கில் மணக்க அங்கே குடியிருந்திருக்கவேண்டியதில்லை. மண அறிவிப்புக் கொடுத்து 15 நாள்கள் கழிந்தபின், மூன்று மாதங்களுக்குள் மணந்துகொள்ளலாம். ஆவணச் சிக்கலால் தவிப்போர் இவ்வழியை நாடுவதுண்டு. எனினும் இரு வீட்டாருக்கும் அது வெளியூரே என்பதை மறக்கலாகாது.

இப்போது மூன்றாவது வினா. அலுவலகப் படிவங்களில் இதற்கு இடமில்லை. ஆனால் உள்ளத்தை மிகுதியாக வருத்துவது இதுவே. சீனாவில் 1980ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி 2015வரை, பெரும்பாலான நகரக் குடும்பங்களுக்கு ஒரு குழந்தையே என்ற கொள்கை நடைமுறையில் இருந்தது. இன்று மணவயதில் இருக்கும் சீன இளைஞர் பலர் அக்காலத்தில் பிறந்த தனிப் பிள்ளைகள். அத்தகைய பெற்றோருக்குத் தம் வாழ்நாளில் நடத்திப் பார்க்க ஒரே ஒரு திருமணம்தான் உண்டு. அதைக் கடலுக்கு அப்பால் நடத்தினால் அவர்கள் எவ்வாறு காண்பர்? அவர்களுக்குச் சுற்றுலா விசா வேண்டும். தாயகம் திரும்புவார்கள் என்று அதிகாரி நம்பினால்தான் அது கிடைக்கும். கிடைக்காமற்போனால், மகள் மணக்கோலத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்து அமையவேண்டியதுதான்.

சீன மணத்தில் உயிரான சடங்கு தேநீர் அளித்தல். மணமக்கள் பெற்றோர் முன்னும் பாட்டன் பாட்டியர் முன்னும் பணிந்து தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி அளிப்பர். பெரியோர் அதைப் பருகி, சிவப்பு உறையில் பணமோ நகையோ வைத்து வாழ்த்துவர். அந்தக் கிண்ணத்தை வாங்கும் கை அங்கே இருந்தாலன்றோ சடங்கு நிறைவுறும்? நிறமும் பொருளுடையது. சிவப்பு சீனர்க்கு மங்கல நிறம். வெள்ளை அவர்களது பழைய மரபில் துக்க நிறம். அமெரிக்க மணப்பெண்ணுக்கோ வெள்ளை ஆடையே மரபு. இன்று பல சீன நகர மணமக்கள் பகலில் வெள்ளையும் விருந்தில் சிவப்புமாக இரண்டையும் அணிகின்றனர். ஒன்றை ஒன்று விலக்கவேண்டியதில்லை என்று காட்டிவிட்டனர்.

அமெரிக்கப் பெற்றோருக்கும் உள்ளம் உண்டு. மகன் தாங்கள் வழக்கமாகச் செல்லும் மாதாகோயிலில், தங்கள் நண்பர்கள் சூழ மணக்கவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருக்கும். முதுமையால் நீண்ட விமானப் பயணம் செய்ய இயலாத பாட்டியார் அங்கும் இருப்பார். ஆகவே ஒரு பக்கத்தின் வருத்தத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தல் நீதியாகாது.

அப்படியாயின் எவ்வாறு முடிவு செய்வது? பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும்போது, முதலில் தெரிந்ததை எழுது, பிறகு தெரியாததைக் காண் என்று மாணவர்க்குச் சொல்வோம். இங்கும் அதுவே முறை. எங்கே மணப்பது என்று கேட்குமுன், எங்கே வாழப்போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள். அந்த விடை கிடைத்தால் விசாப் பாதையும், பதிவு செய்யும் இடமும் பெரும்பாலும் தாமாகவே தெளிவாகும். அடுத்து, பதிவையும் விழாவையும் வெவ்வேறு பொருள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவு ஓரிடத்தில் ஒருமுறை நடந்தால் போதும். அதைச் சட்டமும் வசதியும் காட்டும் இடத்தில் செய்யலாம். விழாவுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை; ஈரிடத்திலும் நடத்தலாம்.

விழாவைப் பற்றி ஒரு நெறியைச் சொல்வேன். இருவருள் யார் தம் நாட்டை விட்டுச் செல்லப்போகிறாரோ, அவருடைய வீட்டில் முதன்மையான விழா நடக்கட்டும். நம் கற்பனை இணையரில் பெண் தன் மொழியையும், தெருவையும், தாய் சமைக்கும் உணவையும் விட்டுச் செல்கிறாள். இளைஞன் இவற்றுள் ஒன்றையும் விடவில்லை. மணவிழாவும் அவன் ஊரிலேயே நடக்கவேண்டும் என்றால் எல்லாச் சுமையும் ஒரு தோளில் ஏறிவிடும். அவர்கள் செங்டுவில் பதிவு செய்து, அங்கே உறவினர் சூழத் தேநீர் அளித்து மணந்து, மனைவி என்ற முறையில் விசாவுக்குக் காத்திருந்து, பின்பு ஓஹையோவில் ஒரு மாலை விருந்து வைக்கலாம். பிரிந்திருக்கும் மாதங்கள் துன்பமே. ஆயினும் அத்துன்பம் இருவருக்கும் பொது.

இந்நெறி எல்லோர்க்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பிரிவைத் தாங்க இயலாத காரணம் உடையோர் இருப்பர். பெற்றோரே இசையாத குடும்பங்களும் இருக்கும். அத்தகையோர் முதற் பாதையைக் கொள்வதில் குற்றமில்லை. அவர்கள் பின்னர், குடியிருப்பு உரிமை கைக்கு வந்ததும், தாயகம் சென்று தேநீர்க் கிண்ணத்தை ஏந்தலாம்; காலந்தாழ்ந்தது என்று எந்தத் தாயும் அதனை மறுக்கமாட்டாள். ஆனால் எதைத் தெரிந்துகொண்டாலும், விதிகளை அந்தந்த அரசின் அலுவலகத்திலேயே அப்போதைக்கப்போது கேட்டறியவேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. நண்பர் சொன்னார் என்று பயணச்சீட்டு வாங்கிவிடலாகாது.

டை லியுங் அம்மையார் காலத்தில் இடத்தைச் சட்டம் தீர்மானித்தது. இன்று மணமக்களே தீர்மானிக்கின்றனர். உரிமை வந்த இடத்தில் பொறுப்பும் வருகிறது. எங்கே மணந்தோம் என்பதை ஆண்டுகள் பல கழிந்தபின் பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது இருவரும் ஒரே விடையை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மனக்குறையின்றிச் சொல்லக்கூடுமாயின் அவர்கள் இடத்தைச் சரியாகத் தேர்ந்தவர்களாவர்.